முன்பாதி மட்டும் மாறிய பெயர்

2023 ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். திங்கட்கிழமை அரசு விடுமுறையாமே, நமக்கு உண்டா இல்லையா என்று உற்பத்திப் பிரிவிலிருந்து ஆள் மாற்றி ஆள் போன் செய்துகொண்டிருந்தார்கள். நான் நைஜீரியாவில் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடுகிறவன். விடுமுறை என்றால் எனக்கு அது கூடுதல் நேரக் கணக்கு, இரட்டைச் சம்பளக் கணக்கு, அவ்வளவுதான். என்ன விடுமுறை என்று விசாரித்தபோதுதான் 'இஷேஷே நாள்' என்ற பெயரை முதன்முதலாகக் காதில் வாங்கினேன். நாட்டின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்களின் பழைய வழிபாட்டுக்கான நாள், ஆகஸ்ட் 20. அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் மறுநாள் விடுமுறை. ஓஷுன் மாநிலத்தில் ஏற்கெனவே இருந்த வழக்கம்தான். அந்த ஆண்டு ஓயோ, லாகோஸ், எங்கள் ஓகுன் மாநிலம் என்று எல்லோரும் சேர்ந்து அறிவித்திருந்தார்கள்.

எங்கள் மேலாளருக்கு இந்த மாதிரி விஷயங்களில் பொறுமை கிடையாது. "நம்மிடம் அந்த மதத்துக்காரர் எத்தனை பேர், பட்டியலைப் பார்த்துச் சொல்" என்றார். பார்த்தேன். பணியாளர் பதிவேட்டில் மதம் என்றொரு பத்தி உண்டு. மேலிருந்து கீழ்வரை கிறிஸ்தவர், முஸ்லிம், கிறிஸ்தவர், முஸ்லிம். மூன்றாவதாக ஒரு சொல் எங்கேயும் இல்லை. "ஒருவர்கூட இல்லை சார்" என்றேன். மெஷின் ஓடட்டும், வேண்டுமென்பவர் 'நான் பாரம்பரிய வழிபாட்டைச் சேர்ந்தவன்' என்று எழுதிக் கொடுத்து விடுப்பு வாங்கிக்கொள்ளட்டும் என்று முடிவானது. அந்தச் சுற்றறிக்கையை எழுதியதும் நான்தான். யாரும் எழுதித் தரவில்லை. ஆளே இல்லாத மதத்துக்கு ஒரு அரசு விடுமுறை, ஓட்டுக்காகச் செய்கிறார்கள் என்று அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி பேசினேன்.

அந்தப் பேச்சு எனக்குள் சரியாக அடங்கவில்லை. காரணம் ஒரு விடுப்பு அட்டை. மாதக் கடைசியில் அட்டைகளைச் சரிபார்க்கும்போது ஸ்டோர் பாபாவின் அட்டை கையில் வந்தது. அறுபதை நெருங்கும் மனிதர். திருகாணியிலிருந்து கன்வேயர் பெல்ட்வரை எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். யொரூபாவில் வயதில் மூத்த ஆண் யாரானாலும் 'பாபா'தான், நானும் அப்படியே கூப்பிடுவேன். அவருக்கு நான் 'ஓகா', அதாவது முதலாளி. முதலாளி இல்லை என்று பத்துத் தடவை சொல்லியும் விடவில்லை. அந்த ஆகஸ்ட் 21க்கு நேராக 'குடும்ப வேலை' என்று எழுதியிருந்தார். முந்தின வருடம் பார்த்தேன், ஆகஸ்ட் 20, சனி, குடும்ப வேலை. அதற்கு முந்தினது, ஆகஸ்ட் 20, வெள்ளி, குடும்ப வேலை. மதப் பத்தியில் கிறிஸ்தவர். போதாததற்கு, தன் சபையில் அவர் டீக்கன். ஞாயிற்றுக்கிழமை கோட்டும் டையுமாக அவரை நானே பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் இரண்டே கட்டம்

நாங்கள் இருப்பது ஷாங்கோ ஓட்டா. லாகோஸைத் தாண்டியதும் வரும் தொழிற்சாலை ஊர். ஷாங்கோ என்பது யொரூபாக்களின் இடி மின்னல் தெய்வம். அந்தப் பெயரைத்தான் பேருந்து நடத்துநர்கள் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கூவி ஆள் ஏற்றுகிறார்கள். அதே ஓட்டாவில்தான் 50,000 பேர் உட்காரக்கூடிய மகா பெரிய பெந்தெகொஸ்தே ஆலயமும் இருக்கிறது. லாகோஸ் மரீனாவில் மின்வாரியத் தலைமையகமாக இருந்த கட்டிடத்தின் வாசலில், சிற்பி பென் என்வொன்வு 1964இல் செய்த ஷாங்கோ வெண்கலச் சிலை நிற்கிறது. மின்சாரத்துக்கு மின்னல் தெய்வம், பொருத்தம்தான். தினம் நாலு தடவை கரண்ட் போகிற நாட்டில், அந்தத் தெய்வத்துக்குக் கோபம் தீரவில்லை என்று எங்கள் எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டரை இயக்கப் போகும்போதெல்லாம் சொல்வான். அவன் முஸ்லிம். அவனும் பதிவேட்டில் இரண்டாவது கட்டம்தான்.

எங்கள் பதிவேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நாடே அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது, அல்லது எண்ணாமல் இருக்கிறது. நைஜீரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்கப்பட்டது கடைசியாக 1963இல். 2006 கணக்கெடுப்பில் 14 கோடிப் பேரை எண்ணினார்கள், மதமும் இனமும் கேட்கவில்லை. கேட்டால் எந்தப் பக்கம் எத்தனை என்று அடிதடி வரும் என்ற பயம். அதனால் ஒரிஷாக்களை, அதாவது யொரூபாக்களின் பழைய தெய்வங்களை, வணங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது குத்துமதிப்புதான். தேசிய அளவில் கிறிஸ்துமஸ், பாக்சிங் டே, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், இரண்டு ஈத், மீலாது நபி என்று விடுமுறைகள் சரிசமமாக இரண்டு மதங்களுக்கும் பங்கு வைக்கப்பட்டிருக்கின்றன. இஷேஷேவுக்கு மாநில அரசு தரும் நாள் மட்டும்தான். அரசு அலுவலகம் மூடும், வங்கி திறந்திருக்கும், எங்கள் மாதிரித் தொழிற்சாலைகள் தங்கள் இஷ்டம்.

ஓஷுனில் இதை முதலில் அறிவித்த ஆளுநர் ரவுஃப் அரெக்பெஷோலா ஒரு முஸ்லிம். முதலில் இஸ்லாமியப் புத்தாண்டுக்கு விடுமுறை கொடுத்தார், அப்படியானால் எங்களுக்கு என்று பழைய வழிபாட்டுக்காரர்கள் கேட்டார்கள், அவர்களுக்கும் கிடைத்தது. நான் சாப்பாட்டு மேசையில் சொன்ன ஓட்டுக் கணக்கு இதில் சுத்தமாக இல்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் அப்படிப் பேசிய அதே 2023இல், ஜூலை மாதம், ஓயோவை ஒட்டிய க்வாரா மாநிலத்தின் இலோரினில் ஒரு பெண் பூசாரி இஷேஷே விழா நடத்த முற்பட்டபோது ஒரு முஸ்லிம் குழு வந்து கூடாது என்று தடுத்துவிட்டது. இலோரின் யொரூபா பேசும் ஊர், ஆனால் அமீர் என்ற முஸ்லிம் மன்னரின் ஊர். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் வோலே ஷோயின்கா அமீருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒரு மாநிலத்தில் விடுமுறை விட்டுக் கொண்டாடும் விழாவை அடுத்த மாநிலத்தில் நடத்தவே முடியவில்லை. இது தெரிந்த பிறகு என் சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். 'நான் பாரம்பரிய வழிபாட்டைச் சேர்ந்தவன் என்று எழுதிக் கொடுக்கவும்.' யார் கொடுப்பார்?

எல்லோருக்கும் இதில் ஒரே மனது என்றும் இல்லை. எங்கள் கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி, யொரூபாக்காரி, இந்த விடுமுறையைப் பற்றிக் கேட்டாலே முகம் சுளிப்பாள். பழைய வழிபாட்டில் ஓரோ என்றொரு திருவிழா உண்டு, அது நடக்கும் நாட்களில் பெண்கள் வெளியே வரக்கூடாது. ஓரோவைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஆபத்து என்பது நம்பிக்கை. இக்கொரோடுவிலும் ஓகுன் மாநிலத்தின் சில ஊர்களிலும் முன்கூட்டியே அறிவிப்பு வரும், பெண்கள் வீட்டுக்குள் அடைந்துகொள்ள வேண்டும். "உங்களுக்கு அது பண்பாடு, எனக்கு அது பூட்டின கதவு" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. பழையது என்பதற்காகவே எதையும் கையெடுத்துக் கும்பிட எனக்கு விருப்பமில்லை. அவள் சொன்னதையும் இலோரினில் நடந்ததையும் ஒரே தராசில் வைக்கவும் முடியவில்லை.

அபேயோகூட்டாவில் ஒரு செவ்வாய்

அடுத்த வருடம் ஆகஸ்ட் 20 செவ்வாய்க்கிழமை. பாபா விடுப்புச் சீட்டுடன் வந்தார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. "குடும்ப வேலைதானே பாபா?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நீங்களும் வருகிறீர்களா ஓகா?" என்றார்.

விடிகாலையில் கிளம்பினோம். ஓட்டாவிலிருந்து இஃபோ, எவெக்கோரோ சிமென்ட் ஆலையின் வெள்ளைப் புழுதி, இட்டோரி, பிறகு அபேயோகூட்டா. சாலை என்று சொல்லிக்கொள்ளலாம், பள்ளங்களுக்கு நடுவே கொஞ்சம் தார் இருந்தது. அபேயோகூட்டா என்றால் 'பாறைக்கு அடியில்' என்று பொருள். 1830ஐ ஒட்டி, போர்களிலிருந்து தப்பி வந்த எக்பா மக்கள் ஒலுமோ பாறையை ஒட்டிக் குடியேறிய ஊர். பின்னால் வந்த மிஷனரிகளுக்கும் இதுதான் தளம். நைஜீரியாவின் முதல் செய்தித்தாள் 1859இல் இங்கேதான் ஒரு பாதிரியார் கையால் அச்சானது. சாமுவேல் அஜாயி க்ரௌதர் இங்கே ஊழியம் செய்தவர். சிறுவனாக 1821இல் அடிமையாகப் பிடிபட்டு, கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானவர். பைபிளை யொரூபாவுக்குக் கொண்டுவந்த பணியில் முதல் பெயர் அவருடையது.

அந்த யொரூபா பைபிளில்தான் சாத்தானுக்கு 'எஷு' என்று பெயர் விழுந்தது. எஷு யொரூபாக்களின் ஒரிஷாக்களில் ஒருவர். முச்சந்தியில் நிற்பவர், படையலைத் தேவர்களிடம் கொண்டு சேர்ப்பவர், குறும்புக்காரர், வாக்குத் தவறினால் தண்டிப்பவர். எந்தப் பூசையிலும் அவர் பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. அவருக்குச் சாத்தான் வேஷம் கட்டிவிட்டது ஒரு மொழிபெயர்ப்புச் சொல். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு யொரூபாக் குழந்தையும் எஷு என்றாலே பிசாசு என்று படித்து வளர்ந்தது. 'எஷு சாத்தான் அல்ல' என்று இப்போது இளைஞர்கள் இஷேஷே நாளன்று டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போகிறார்கள். வழியில் இரண்டு பேரைப் பார்த்தேன். பாபாவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவருடைய குடும்ப வளாகம், அக்போ இலே என்பார்கள், துருப்பிடித்த தகரக் கூரைகள் நாலைந்து ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நடுவே ஒரு முற்றம். வெள்ளை உடுத்தியவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். முற்றத்தின் ஓரத்தில் பாட்டா மேளத்தை இரண்டு பையன்கள் தோளில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயில் உட்கார்ந்திருந்தவர் பாபாவின் அண்ணன், பாபலாவோ, அதாவது இஃபா என்ற தெய்வத்தின் பெயரால் குறி பார்ப்பவர். அவர் முன்னால் வட்டமான மரத்தட்டு, தட்டில் மஞ்சளும் வெளுப்புமான மரத்தூள், பக்கத்தில் கோலா கொட்டை, ஒரு ஷ்னாப்ஸ் மது பாட்டில். பாபா சட்டைப் பையில் கைவிட்டபடி சுவரோரமாக நின்றுகொண்டார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.

குறி பார்ப்பதைப் பற்றி நான் கற்பனை செய்து வைத்திருந்தது வேறு, பார்த்தது வேறு. 16 பனங்கொட்டைகள், கையாண்டு கையாண்டு கறுத்து மினுங்கிப் போனவை. எல்லாவற்றையும் இடக்கையில் வைத்துக்கொண்டு வலக்கையால் ஒரே அள்ளாக அள்ளுகிறார். இடக்கையில் ஒன்று மிஞ்சினால் தூளில் விரலால் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. அதற்கு மேல் மிஞ்சினாலோ ஒன்றுமே மிஞ்சாவிட்டாலோ செல்லாது, திரும்ப அள்ள வேண்டும். இப்படி எட்டுத் தடவை. நான்கு நான்காக இரண்டு வரிசை. ஒவ்வொரு இடத்திலும் இரண்டே வாய்ப்பு, எட்டு இடம், ஆக 256 வடிவங்கள். ஒவ்வொன்றும் ஒரு 'ஒடு', ஒவ்வொன்றுக்கும் கீழே நூற்றுக்கணக்கான பாட்டுகள், எல்லாம் மனப்பாடம். வருடக்கணக்காகக் குருவிடம் இருந்து படிக்காமல் யாரும் பாபலாவோ ஆக முடியாது. யுனெஸ்கோ 2005இல் இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. எனக்கு யுனெஸ்கோவைவிட அந்தக் கைகள்தான் நினைவில் நிற்கின்றன. நான் எக்செல்லில் ஒரு எண்ணை மூன்று தடவை சரிபார்ப்பேன். அவர் அள்ளி, பார்த்து, உதட்டைச் சுழித்து, செல்லாது என்று மறுபடி அள்ளினார். அவசரமே இல்லை.

கோடுகள் முடிந்து பாட்டு தொடங்கியபோது பாபா என் காதோரம் குனிந்து அர்த்தம் சொன்னார். இஷேஷே எது என்று இஃபாவே சொல்லும் பாட்டு அது. ஒருவனுக்கு அவன் தாயே இஷேஷே. தந்தையே இஷேஷே. அவன் தலையே, அதாவது அவனுக்கென்று அமைந்த விதியே, இஷேஷே. அவன் பனங்கொட்டையும் இஷேஷே, எல்லோருக்கும் மேலே இருக்கும் ஒலோடுமாரேயும் இஷேஷே. வேறு எந்த வழிபாட்டுக்கும் முன்னால் இவற்றுக்குச் செய்துவிட்டு வா என்பது பாட்டின் பொருள். தெய்வங்களின் பட்டியல் ஒன்று வரப்போகிறது என்று காத்திருந்த எனக்கு முதலில் வந்தது அம்மா.

பாட்டு முடிந்ததும் அண்ணன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து "அபோரு போயே" என்றார். இஃபாக்காரர்களின் வாழ்த்து அது, படையல் ஏற்கப்படட்டும் என்பதுபோல. முற்றம் முழுவதும் ஒரே குரலில் "அபோயே போஷிஷே" என்று பதில் வந்தது. என் தோளுக்குப் பக்கத்திலிருந்தும் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பாபாவின் கை இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது. வாய் மட்டும் திறந்து மூடியிருந்தது. தான் சொன்னது அவருக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டார். அண்ணன் அவரைப் பார்த்தார். சிரிக்கவில்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. கோலா கொட்டையைப் பிளந்து ஒரு சுளையை ஒரு சின்னப் பையனிடம் கொடுத்துச் சுவர்ப்பக்கம் அனுப்பினார். பாபா அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கசப்பு, எனக்கும் ஒன்று கிடைத்தது.

திரும்பும் வழியில் அவராகவே பேசினார். "நான் டீக்கன், ஓகா. இயேசுவை மனசார நம்புகிறவன். அதில் பொய் கிடையாது." எவெக்கோரோ தாண்டும்வரை வேறு பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு பெயர்

போன வருடம் பாபா ஓய்வு பெற்றார். ஓய்வூதியக் கணக்கில் பணம் எடுக்கப் போன இடத்தில் சிக்கல். அவருடைய பழைய சான்றிதழ்களில் ஒரு குடும்பப் பெயர், வங்கியிலும் தேசிய அடையாள எண்ணிலும் வேறு பெயர். இங்கே இது அன்றாடத் தலைவலி, மாதம் ஒன்றாவது என் மேசைக்கு வரும். அவருடைய பெயரை எழுத மாட்டேன். அதே வார்ப்பில் ஊரில் ஆயிரம் பெயர்கள் உண்டு, ஃபாக்பெமி என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் 'ஃபா' இஃபாவின் சுருக்கம். இஃபா எனக்குத் துணை நின்றார் என்று பொருள். இதில் 'ஃபா'வை எடுத்துவிட்டு 'ஒலு' என்று போட்டால் ஒலுக்பெமி, ஆண்டவர் எனக்குத் துணை நின்றார். இஃபா, ஓகுன், எஷு, ஓஷுன் என்று தொடங்கிய எத்தனையோ குடும்பப் பெயர்களின் தலை இப்படிச் சீவப்பட்டு, ஒலு என்றும் ஜேசு என்றும் புதுத்தலை பொருத்தப்பட்டிருக்கிறது. பின்பாதியை யாரும் தொடுவதில்லை. (ஓகுன் மாநிலத்தின் பெயரில் உள்ள ஓகுன் ஒரு ஆற்றின் பெயர், இரும்புத் தெய்வமான ஓகுன் வேறு. உச்சரிக்கும் ராகம் மாறும். நான் மூன்று வருடம் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.)

பாபா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து பழுப்பேறிய செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்தார். பெயர் மாற்ற விளம்பரம். முன்பு இன்னார் என்று அறியப்பட்ட நான் இனி இன்னார் என்று அறியப்படுவேன், பழைய ஆவணங்கள் அனைத்தும் செல்லும், பொதுமக்கள் கவனிக்க. இன்றும் இதே வாசகத்தில் இங்கே தினமும் பத்திரிகையில் வருகிறது. இரட்சிக்கப்பட்ட புதிதில், வாலிபத்தில், போதகர் சொன்னார் என்று மாற்றியதாம். "அந்தப் பெயர் இருக்கும்வரை அந்த ஆவி என்னை விடாது என்றார்கள்." அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அப்பா படிக்காதவர். பேப்பரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, 'என் பெயர் அச்சில் வந்திருக்கிறதா' என்று கேட்டார். வந்திருக்கிறது என்றேன். பொய்யில்லையே, வந்துதானே இருந்தது." துண்டை மறுபடி மடித்தார். மடித்த இடத்திலெல்லாம் எழுத்து தேய்ந்து போயிருந்தது.

அந்தத் துண்டு போதாது என்று சொல்லிவிட்டார்கள், புதிதாகப் பிரமாணப் பத்திரம் வேண்டும். நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். இரண்டு மணி நேர வரிசை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலையைத் தூக்காமலே "பைபிளா, குர்ஆனா?" என்றாள். பழைய வழிபாட்டுக்காரர்கள் இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்யும் வழக்கம் இந்த நாட்டு நீதிமன்றங்களில் உண்டு, அந்த மேசையில் இரும்பு எதுவும் கண்ணில் படவில்லை, ஸ்டேப்ளரைத் தவிர. பாபா பைபிளைத் தொட்டார். தயங்கவில்லை.

கீழ்க்கண்ட இரண்டு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கும் என்ற வரிவரை அச்சடித்து வைத்திருந்தார்கள், பெயர்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. "எதை முதலில் எழுத?" என்று கேட்டாள்.

"அப்பா வைத்ததை" என்றார் பாபா.